பொட்டா, கொக்கியா?

மாங்கனித் திருவிழா அன்று காரைக்கால் முழுக்க அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருக்கும். மொட்டை மாடியிலிருந்தும் பால்கனியிலிருந்தும் எப்போது பழம் வந்து விழும் என்று கையையும் முந்தானையையும் விரித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு போனாள் என்றால் அது வெண்மதிதான். கையில் பெயிண்ட் வாளி. யார் கைக்கும் சிக்காமல் கீழே விழுந்து, வெடித்து, நாலு பேர் மிதித்த பழமாகப் பார்த்துப் பொறுக்கி வாளியில் போட்டாள். "ஏம்மா, நல்ல பழம் வேணும்னா மேல பாரும்மா" என்று ஒரு போலீஸ்காரரே இரக்கப்பட்டுச் சொன்னார். "எனக்கு இதுதான் சார் நல்ல பழம்" என்றாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

வெண்மதிக்கு மூளை குழம்பிவிடவில்லை. விழிதியூரில் பிறந்து, மின்துறையில் வேலை பார்க்கும் மதியழகனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள். தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் லேப் டெக்னீஷியன். நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று பேர் வாங்கியவள். அப்படி நிதானமாக இருந்தவளைச் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பூச்சி பிடித்துக்கொண்டது. அன்று காலை ஷிஃப்ட். லேப் ஷட்டரைத் தூக்கப் போனால், வாசல் டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளைச் சுவரில் பச்சையும் இளஞ்சிவப்புமாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. பட்டாளத்துச் சட்டை மாதிரி திட்டுத் திட்டாகப் பச்சை, நடுவில் யாரோ ரோஸ் பவுடரைத் தடவிவிட்ட மாதிரி. போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். அதை யாரோ யாருக்கோ அனுப்ப, சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. அரளிச் செடியைத் தின்று வளரும் அந்துப்பூச்சியாம் அது.

அவ்வளவுதான். இத்தனை நாள் "பூச்சி" என்று விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, இன்ன செடியில்தான் சாப்பாடு என்ற பிடிவாதம் இருக்கிறது! வெண்மதிக்கு அன்று வேலையே ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வழியில் இருந்த ஒவ்வொரு டியூப்லைட்டுக்கும் கீழே நின்று பார்த்துக்கொண்டு போனாள்.

"அந்துன்னா அரிசி டப்பாவுல வர்றதுதானே? அதுக்கு எதுக்குப் போட்டோ? நாலு வேப்பிலை போட்டா ஓடிடும்" என்றான் மதியழகன். பாவம், தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டான். அரிசியில் வருவது அந்தக் குடும்பத்தில் ஒன்றே ஒன்று என்றும், மற்றவர்களெல்லாம் எவ்வளவு லட்சணம் என்றும் அன்றைக்கு ஆரம்பித்த பாடம் இன்னும் முடியவில்லை. அவனுடைய வெள்ளை வேட்டி மாடிக் கொடிக்குப் போயிற்று. வேட்டிக்கு முன்னால் ஒரு பல்பு தொங்கிற்று. வெண்மதி தாராளமாகச் செலவழித்தது ஒரு பழைய கேமராவுக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரம்மா, மாடியில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து ஏதோ மாந்திரீகம் நடக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார். அதிலும் ஒரு லாபம் உண்டு, மாடிக்குத் தொந்தரவு பண்ண ஒருவரும் வருவதில்லை.

அந்துப்பூச்சிப் படம் போடுகிறவர்களுக்கென்று ஓர் இணையதளம் இருக்கிறது. எந்தப் பூச்சியை எங்கே பார்த்தோம் என்று போட்டால் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். வெண்மதி முதன்முதலில் அந்த வரைபடத்தைத் திறந்தபோது வயிறு எரிந்தது. நாகப்பட்டினத்தில் புள்ளி, மயிலாடுதுறையில் புள்ளி, நடுவில் காரைக்கால் மட்டும் சவரம் பண்ணிய கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. தமிழ்நாட்டுக் குழுவில் கேட்டால், "அக்கா, நீங்க புதுச்சேரி லிஸ்ட்ல வருவீங்க" என்றார்கள். புதுச்சேரிக்காரர்களோ தங்கள் ஊரைத் தாண்டி வந்ததில்லை. "எல்லையில வாஞ்சூர் செக்போஸ்ட்டுல பூச்சியை நிறுத்தி ஆதார் கார்டா கேக்குறாங்க?" என்று குழுவிலேயே எழுதிவிட்டு, அவளே புள்ளி வைக்க ஆரம்பித்தாள். குருவி எச்சம் மாதிரி இருப்பது, காய்ந்த மூங்கில் சிம்பு மாதிரி இருப்பது, ஆங்கில டி எழுத்து மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பது என்று ஒவ்வொன்றாக வந்தன. பேர் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் சுஹைனா. கோயம்புத்தூரில் பேங்கில் வேலை பார்க்கும் பெண். வெண்மதி நேரில் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் பழக்கம்.

எல்லாம் சரி, ஒன்றே ஒன்றுதான் வெண்மதியை ஏமாற்றிவிட்டுப் போனது. போன வருஷம் விழிதியூரில் அம்மா வீட்டு எலுமிச்சை மரத்தில் ஒரு காய்ந்த இலை தொங்கியது. இலைக்குக் கால் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினாள். சுஹைனா வாய்ஸ் மெசேஜில் கத்தினாள்: "அக்கா! இது யூடோசிமா! பழத்தைக் குத்தி ஜூஸ் குடிக்கிற அந்து! ஆனா எந்த யூடோசிமான்னு இந்தப் படத்துல சொல்ல முடியாதுக்கா. முன் இறக்கை புடவை மாதிரி, எல்லாரும் ஒண்ணுபோல கட்டியிருக்காளுங்க. உள்பாவாடை தெரிஞ்சாத்தான் ஆளு யாருன்னு தெரியும். உள்ள ஆரஞ்சு கலர்ல பின் இறக்கை இருக்கும், அதுல கறுப்பா ஒரு அடையாளம். வட்டப் பொட்டா, வளைஞ்ச கொக்கியா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க, உங்க ஊருக்கு முதல் பதிவு!"

வெண்மதி அவசரப்பட்டாள். ஒரு குச்சியை எடுத்து மெல்லத் தொட்டாள். ஆரஞ்சாக ஒரு மின்னல் அடித்தது. பூச்சி கூரையைத் தாண்டிப் போய்விட்டது. பொட்டா, கொக்கியா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதிலிருந்து ஒரு வருஷம், ரத்தக் குழாயில் லேபிள் ஒட்டும்போதுகூட அவளுக்கு அந்த ஆரஞ்சுதான் கண்ணில் ஆடியது. ஏன் தொட்டோம் என்று தன்னையே திட்டிக்கொள்ளாத வாரம் இல்லை. இந்த வருஷம் எப்படியாவது பார்த்தே தீருவது, படம் எடுத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அதற்குத்தான் இந்த வாளி. பேர்தான் வெண்மதியே தவிர, பௌர்ணமி என்றால் அவளுக்கு ஆகாது. நிலா வெளிச்சத்தில் பல்புக்கு மவுசு குறைந்துவிடும், வேட்டி வெறுமனே காற்றாடும். மாங்கனித் திருவிழாவோ ஆனிப் பௌர்ணமியில்தான் வரும். விளக்குக்கு வராதவர்களைச் சாப்பாடு போட்டு அழைக்கலாம் என்று நெட்டில் படித்திருந்தாள். கனிந்த பழத்தை வெல்லத்தோடு பிசைந்து, கொஞ்சம் பீர் ஊற்றிப் புளிக்கவிட்டு, சுவரிலும் மரத்திலும் தடவ வேண்டும். "பீருக்கு உங்க ஊர்ல பஞ்சமா அக்கா?" என்று குழுவில் கேலி பண்ணினார்கள். ஊரில் பஞ்சமில்லைதான். ஆனால் ஜென்மத்தில் குடித்தறியாத மதியழகன் மஞ்சப்பையோடு கடைவாசலில் நின்றபோது அவனுடைய மேலதிகாரியே எதிரில் வந்தார். "பூச்சிக்கு வாங்கறேன் சார்" என்றானாம். அவர் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாராம். வீட்டுக்கு வந்தவன் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

திருவிழாவுக்கு மதியழகனின் தங்கை அல்லி மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தாள். வருஷா வருஷம் வருவாள். கல்யாணமாகிக் குழந்தை இல்லாதவர்கள், அம்மையார் திருவிழாவில் மடியேந்திப் பழம் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அப்படிப் பிள்ளை பெற்றவர்கள்தான் மறு வருஷம் மாடியிலிருந்து கூடை கூடையாக இறைப்பார்கள். அல்லியை அனுப்பிவைப்பது அவளுடைய மாமியார். காலையிலிருந்து போன் மேல் போன். பழம் கிடைத்ததா, முழுசா, கீழே விழுந்ததா, கையில் பிடித்ததா என்று கேள்வி. அல்லியின் ரத்தம், ஹார்மோன், ஸ்கேன் எல்லா ரிப்போர்ட்டும் வெண்மதி வழியாகத்தான் வந்தன. எதிலும் ஒரு குறையும் இல்லை. அல்லியின் புருஷன் மட்டும் இன்றுவரை லேப் படியேறவில்லை. அதைப் பற்றி மயிலாடுதுறையில் யாரும் மூச்சுவிடுவதில்லை. பழம் தின்னுகிற வேலை மட்டும் அல்லிக்கு.

இந்த வருஷம் அல்லிக்கு அருமையான பழம். மூன்றாவது மாடியிலிருந்து வந்தது நேரே மடியில் விழுந்தது. சின்னக் கீறல்கூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து குங்குமம் வைத்து, சமையல் மேடையில் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தாள். விளக்கு வைத்த பிறகு குளித்துவிட்டுச் சாப்பிட வேண்டும், ஒரு துண்டுகூட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது மாமியார் உத்தரவு.

மத்தியானம் வெண்மதி வாளியைச் சமையல் மேடையில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அல்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவும் அந்தப் பூச்சிக்கா அண்ணி? அது என்னதான் சாப்பிடும்?"

"பழச்சாறுதான். அதுக்கு மூக்கு ஊசி மாதிரிடி. தோல் கிழியாத பழத்தையே குத்தி உள்ள விட்டுடும். நான் ரத்தம் எடுக்கிற மாதிரி."

"நல்ல பழத்தையே குத்துமா? அப்ப எதுக்கு நசுங்குனத வைக்கிறீங்க?"

"நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் வெண்மதி. கேள்வி நியாயமாக இருந்ததால் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அல்லி எழுந்து போய்விட்டாள். வெண்மதி மேடை மேல் கிடந்ததையெல்லாம் அள்ளி, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, முழங்கை வரை பிசைந்தாள். பீரையும் ஊற்றினாள். வீடே ஒரு மாதிரி மணத்தது. மதியழகன் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தான்.

பொழுது சாய்ந்ததும் மாடிக்குக் கொண்டுபோய், கைப்பிடிச் சுவரிலும் மாடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முருங்கைக் கிளையிலும் பெயிண்ட் பிரஷ்ஷால் தடவிவிட்டு வந்தாள். கேமராவுக்கு பேட்டரி போட்டாள், டார்ச்சைத் தட்டிப் பார்த்தாள், தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள்.

எவர்சில்வர் தட்டு காலியாக இருந்தது. குங்குமம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெண்மதிக்குச் சட்டென்று உறைத்தது. மேடையில் கிடந்ததையெல்லாம் அள்ளினோமே! அம்மையார் பழத்தையா பிசைந்தோம்? அதுவும் பீரில்? "என்னங்க!" என்று அவள் கூப்பிட்ட குரலில் மதியழகன் ஷாக் அடித்ததென்றே நினைத்து மெயினை அணைக்க ஓடினான். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை எடுத்து மாட்டினான்.

"அவ மாமியாருக்குத் தெரிஞ்சா கிழிச்சுத் தொங்கவிட்டுடும். நான் வேணா மார்க்கெட்டுக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்துடவா? பழத்துல பேரா எழுதியிருக்கு?"

"அவ மடியேந்திப் பிடிச்ச பழம்ங்க. வேற பழத்தை வெச்சு அவளை ஏமாத்தச் சொல்றீங்களா? எங்க அவ?"

"காத்து வாங்கறேன்னு மேல போனா."

வெண்மதி படியேறினாள். பூச்சியும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம் என்றிருந்தது அந்த நிமிஷம். ஒரு பெண் நம்பி வைத்த பழத்தைப் பூச்சிக்குப் பிசைந்து போட்டவள் நான் என்று எப்படிச் சொல்வது? எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாடியில் நிலா பளீரென்று காய்ந்தது. அவள் தடவியிருந்த இடங்களில் கட்டெறும்பும் கரப்பானும் பந்தியில் உட்கார்ந்திருந்தன, கூடவே சாதாரணப் பழுப்பு அந்துகள் நாலைந்து. அல்லி கொடிக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றிருந்தாள்.

"அல்லி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு பெரிய தப்பு..."

"உஷ்! பேசாதீங்க அண்ணி. மெதுவா வாங்க. மெதுவா."

அல்லியின் கையில் ஒரு சணல் கயிறு. கொடிக் கம்பி மேல் போட்ட அதன் மறுமுனையில் ஒரு மாம்பழம் தொங்கியது. கீறல் இல்லாத முழுப் பழம், நெற்றியில் குங்குமம். வெண்மதி டார்ச்சைத் தாழப் பிடித்து அடித்தாள். பழத்தின் பக்கத்திலிருந்து இரண்டு கண்கள் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து திரும்பின.

யூடோசிமா.

வெண்மதிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி பழத்துக்குள் இறங்கியிருந்தது. ஒரே குத்து, சுற்றிலும் ஒரு சொட்டுச் சாறு சிந்தவில்லை. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் அதற்கே ஒரு கும்பிடு போடலாம். கேமராவைத் தூக்கினாள், சுவரில் முழங்கையை ஊன்றினாள். எடுத்தாள், எடுத்தாள். எல்லாம் காய்ந்த இலை. புடவை இழுத்துப் போர்த்தியிருந்தது. ஆரஞ்சு ஓரமாக ஒரு நூல் தெரிந்தது, அவ்வளவே. பொட்டு உள்ளே, அல்லது கொக்கி உள்ளே. ஒரு விரல் நீட்டினால் விரித்துவிடும், விரித்த வேகத்தில் போயும்விடும். போன வருஷம் பட்டது போதும் என்று கையைக் கட்டுப்படுத்திக்கொண்டாள்.

"இது உன் பழம்தானே?" என்று மூச்சுக் குரலில் கேட்டாள்.

"ஆமா."

"நான் பிசைஞ்சுட்டேன்னு நெனச்சு உசிரே போச்சுடி. ஏன் இங்க கட்டுன?"

அல்லி பூச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு வருஷமா நான் தின்னாச்சு அண்ணி. தோல்கூட விடாம தின்னுருக்கேன். போதும்னு ஆயிடுச்சு. நீங்கதான் சொன்னீங்களே, முழுப் பழத்தைக் குத்தும்னு. பசியோட அலையுற ஒண்ணு தின்னுட்டுப் போகட்டுமேன்னு கட்டுனேன். கட்டிட்டுத் திரும்புறதுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு."

வெண்மதி அவள் தோளில் கை வைக்கப் போனபோது அல்லியின் இடுப்பில் செருகியிருந்த போன் அலறியது. அல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிறு வெட்டென்று ஆடியது. பழம் ஆடியது. பூச்சி படாரென்று விரித்தது.

ஆரஞ்சு! கேசரி ஆரஞ்சு, நிலா வெளிச்சத்தையே மங்க அடிக்கும் ஆரஞ்சு, ஓரமெல்லாம் கறுப்புக் கரை, நடுவில், ஒவ்வொரு இறக்கையின் நடுவிலும், கன்னங்கரேலென்று... வெண்மதியின் விரல் தானாக அழுத்திக்கொண்டே இருந்தது.

"பொட்டு! அல்லி, பொட்டுடி! கொக்கி இல்ல, பொட்டு!"

பூச்சி போகவில்லை. பழம் அவ்வளவு ருசி போல. இரண்டு தரம் சிறகை அடித்துப் பார்த்துவிட்டு, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி குடிக்க ஆரம்பித்தது. வெண்மதியும் அல்லியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சத்தம் வராமல் குதித்தார்கள். என்ன ரகளை என்று பார்க்க வந்த மதியழகனும் படிக்கட்டிலேயே நின்று, பீர் நாற்றத்துக்கு நடுவே, வாயைப் பிளந்தான். "இதுக்கா இத்தனை நாளா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

படம் சுஹைனாவுக்குப் போனது. பதிலாக வந்த வாய்ஸ் மெசேஜில் முதலில் வார்த்தையே இல்லை, ஒரு கூச்சல்தான். பிறகு, "அக்கா! பொட்டு! சந்தேகமே இல்லை! உடனே ஏத்துங்க, காரைக்கால்ல இந்தப் பூச்சிக்கு முதல் புள்ளி!" வெண்மதி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஏற்றினாள். ஊர், காரைக்கால். இருந்த இடம், மாம்பழம். பார்த்தவர் பெயர் என்று கேட்ட இடத்தில் ஒரு கணமும் யோசிக்காமல் அல்லி என்று போட்டாள். அல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "என் பேரா?" என்றாள். "பின்ன? நான் படம் எடுத்தவதான். பார்த்தவ நீ."

போன் மறுபடியும் அடித்தது. மயிலாடுதுறை. அல்லி இந்த முறை அவசரப்படாமல், கயிற்றை அசைக்காமல், மற்றொரு கையால் எடுத்தாள்.

"என்னம்மா, எடுக்கவே மாட்டேங்கற? குளிச்சியா? பழம் சாப்பிட்டியா?" நிலா மாடியில் மாமியார் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"இல்ல அத்தை."

"ஏன்?"

"பசியோட ஒரு ஆளு வந்துச்சு. கொடுத்துட்டேன்."

"என்னது! அந்தப் பழத்தையா? யாருக்குடி கொடுத்த?"

"அம்மையாரும் அதத்தானே அத்தை பண்ணாங்க. வீட்டுக்காரருக்குன்னு வெச்சிருந்த பழத்தை, பசின்னு வந்தவருக்கு எடுத்துக் கொடுத்தாங்க. அதுக்குத்தானே இந்தத் திருவிழாவே." அல்லி நிறுத்தவில்லை. "நான் கும்பிட்டுட்டேன். கும்பிடாம இல்ல. தின்ன வேண்டியதையும் நாலு வருஷமா தின்னுட்டேன். எடுக்க வேண்டிய டெஸ்ட் அத்தனையும் எடுத்துட்டேன், எல்லாம் நல்லா இருக்கு. இனிமே அவருதுதான் பாக்கி. அண்ணி லேப்புக்கு ஒரு தடவை அனுப்பிவைங்க அத்தை. கெஞ்சிக் கேக்குறேன்னு வெச்சுக்குங்க, இல்ல சண்டை போடுறேன்னு வெச்சுக்குங்க."

மதியழகன் படிக்கட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். வெண்மதி கேமராவைக் கண்ணில் வைத்திருந்தாளே தவிர எடுக்கவில்லை. கட்டாகிவிட்டதோ என்று அல்லி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்துக்கொண்டாள்.

பிறகு மாமியார் கேட்டார், அதட்டல் இல்லாத குரலில்: "அவன் எத்தனை மணிக்கு வரணுமாம்?"

அல்லி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"காலையில எட்டு மணிக்கு நான் இருப்பேன்" என்றாள் வெண்மதி. "இதுக்கு வெறும் வயிறெல்லாம் வேணாம், டிபன் சாப்பிட்டுட்டே வரச் சொல்லு."